ராத்தா நட்ட இரண்டு கம்பங்கள்

என் வளவின் நடுவில் ராத்தா இரண்டு கொங்கிறீட் கம்பங்களை நட்டு வைத்திருந்தாள். அவற்றைக் காணும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிந்தவூரில் எங்களுக்குள் வீடு என்பது பெண்பிள்ளைக்குக் கொடுக்கிற சொத்து. வாப்பா கண்ணை மூடி மவுத்தாவதற்கு முன்னரே வளவை இரண்டாகப் பிரித்து, ஒழுங்கையோடு ஒட்டிய தென்பாதியை மூத்தவளான நாச்சியா ராத்தாவுக்கும், அதற்குப் பின்னாலுள்ள வடபாதியை எனக்கும் எழுதிவிட்டார். ராத்தா தன் பாதியில் மேல்மாடியோடு வீடு கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. என் பாதி வெறுமனே கிடந்தது. வெறும் வளவு கிடந்தால் பக்கத்து வீட்டாருக்குக் கைகால் நீளும் என்பார்கள். ராத்தா அங்கே உடுப்புக் காயப்போட்டாள்.

அதுவும் ஒரு கொடி அல்ல, இரண்டு. ஒன்று தன் குசினிக் கதவுக்கு நேரே, எட்டடியில். சரி, அது போகட்டும். மற்றது, அந்த இரண்டு கம்பங்களிலும் கட்டியது, எதற்காக என் வளவின் நடுவில்? ஈர உடுப்பைச் சுமந்துகொண்டு முப்பதடி நடக்க யாருக்காவது விசரா? எல்லை பிடிக்கப் பார்க்கிறாள் என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன். முடிவு கட்டுவதில் நான் கெட்டிக்காரி.

வீடு கட்டும் அவசரம் எனக்கு மகளால் வந்தது. நாங்கள் கடற்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சுற்றிவர மாமரம். மாரி பிறந்துவிட்டால் சுவரில் தண்ணீர் கசியும், தலையணை மணக்கும், பஹ்மிதாவுக்கு மூச்சிழுக்கும் முட்டு வந்துவிடும். அவளுக்கு எட்டு வயது. போன மாரியில் மட்டும் ஐந்து தரம் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கடைசித் தரம் அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த நிறத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "மருந்த நான் தருவன். காஞ்ச அறையும் காலை வெயிலும் நீங்கதான் குடுக்கணும்" என்றார் டொக்டர்.

அதனால்தான் ஆடி மாதம் ஏழு நாள் தொடர்ந்து, விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு பாயைச் சுருட்டிக்கொண்டு வளவுக்கு வந்தேன். மகளின் கட்டில் வரப்போகிற இடத்தில் பாயை விரித்து, கால் தொழுகிற திசையான கிப்லாவுக்கு நீளாதபடி படுத்துப் பார்த்தேன். வெயில் வந்து முகத்தில் விழுந்தது. ஏழு நாளும் விழுந்தது. எனக்கு வந்த சந்தோசத்தில் அந்த இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தேன்.

"ஊடு கட்ட முந்தியே உள்ளுக்குப் படுத்துப் பாக்கிற ஆள இப்பதான் காணுறன்" என்று என் கணவர் ஜௌசி சிரித்தார். அவர் ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிற சின்ன லொறி ஓட்டுபவர். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பாண்டிருப்பிலிருந்து அழகரெத்தினம் மேசன் வந்து வீட்டின் அளவுக்கு முளை அடித்து நூல் கட்டினார். ராத்தாவின் பின்சுவரிலிருந்து ஆறடி விட்டு எங்கள் வீடு. மகளின் அறை தென்கிழக்கு மூலையில். மலசலகூடமும் அதன் குழியும் தூரத்தில், பின்வேலியோரம். திங்கட்கிழமை துஆ ஓதி அத்திவாரம் வெட்டுவதாக மௌலவியிடமும் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக, நடுவில் நின்ற அந்த இரண்டு கம்பங்களையும் கிளப்பச் சொன்னேன். மேசன் அலவாங்குக் கம்பியைப் போட்டு அடிக்கிற சத்தம் கேட்டு ராத்தா குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"ஆரு கழட்டச் சொன்ன?"

"நான்தான். என்ட வளவுதானே ராத்தா?"

"ஒன்ட வளவுதான். கழட்டு." அவள் நூல் கட்டியிருந்த முளைகளைச் சுற்றிப் பார்த்தாள். "ஆனா ஊட்ட இஞ்ச போடாத, சுல்பி. பின்னுக்குத் தள்ளிப் போடு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏன், எங்கட ஊடு கிட்ட வந்தா ஒங்களுக்குக் காத்து வராதோ? ஒழுங்கையும் ஒங்களுக்கு, மேல்மாடியும் ஒங்களுக்கு. நாங்க போய் வேலியில ஒட்டிக் கிடக்கணுமோ? என்ட புள்ள மூச்சுக்குத் தவிக்கிறது ஒங்களுக்கு வெளயாட்டாப் போச்சு!"

கடைசி வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. உதடு நீலம் பாரித்த அன்று ஜௌசி ஒலுவிலில் நின்றார். என் கை கால் ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, கல்முனை போய்ச் சேரும் மட்டும் ஆட்டோக்காரனை ஏசி ஏசி விரட்டியது ராத்தாதான்.

நான் என்றால் பதிலுக்குப் பத்து வார்த்தை எறிந்திருப்பேன். ராத்தா எறியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டின் பின்சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். நிலத்திலிருந்து நெஞ்சளவுக்குச் சுவர் கறுத்துக் கிடந்தது.

"இது என்ன?"

"சுண்ணாம்பு அடிக்காத செவரு" என்றேன். மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். முன்பக்கம் பளபளவென்று பூசிவிட்டுப் பின்பக்கத்தைச் சீரழிய விட்டிருக்கிறாள் என்று பல தரம் நினைத்ததுண்டு.

அழகரெத்தினம் கிட்ட வந்து சாந்துக் கரண்டி முனையால் சுரண்டினார். கறுப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. "காஞ்ச பாசி, தங்கச்சி" என்றார்.

"மூணு தரம் சுண்ணாம்பு அடிச்சிட்டன்" என்றாள் ராத்தா. "ஐப்பசியில இருந்து தை மட்டும் இந்தச் செவருக்கு ஒரு பொட்டு வெயில் விழாது. இப்ப ஆடி. சூரியன் வடக்கால, காரைதீவுப் பக்கமா எழும்புது, அதால இஞ்ச அடிக்கிது. மாரியில தெற்கால, ஒலுவில் பக்கமா எழும்பும். அப்ப என்ட மேல்மாடிட நிழல் முழுக்க இஞ்சதான் கிடக்கும். மொத மாரியில நான் இந்தக் கிட்டக் கொடியில போட்ட உடுப்பெல்லாம் மக்கிப் போச்சு புள்ள. மறுகா மார்கழி முழுக்க ஒரு தடியக் கொண்டு திரிஞ்சி, எங்க வெயில் விழுகுது, எங்க விழுகுது எண்டு பாத்துப் பாத்துத்தான் அந்த ரெண்டு கம்பத்தையும் நட்டன். ஈர உடுப்போட அம்புட்டுத் தூரம் நடக்க எனக்கு ஆசையா?"

மேசனோடு நின்ற ஜௌசி தலையைச் சொறிந்தார்.

"ராத்தா சொல்றது சரிதான். மாரியில ஒலுவிலுக்குப் போகக்க மூஞ்சில அடிக்கிற வெயில்ல ரோட்டே தெரியாது. கோடையில அப்பிடி இல்ல."

"இத ஏன் முந்திச் சொல்லல்ல?" என்று அவரிடம் பாய்ந்தேன்.

"நீ கேட்டியா? நீ பாயத் தூக்கிட்டுப் போய்ப் படுத்தாய்."

மேசன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் இந்தக் கரையில் இருந்துகொண்டு சூரியன் வேலிக்கு வேலி நகர்வதை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. நான் படுத்துப் பார்த்த ஏழு நாளும் ஆடி மாதத்து நாட்கள். ஆடியில் என் பிள்ளைக்கு முட்டே வராது. கோடைக் கச்சான் காற்றில் அவள் மான்குட்டி போல ஓடித் திரிவாள். அவளுக்கு வெயில் தேவையில்லாத மாதங்களில் வெயிலும், தேவையான மாதங்களில் பாசியும் பிடிக்கிற ஓர் அறையை நான் என் கையாலேயே கோடு போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் பிந்தியிருந்தால் அத்திவாரம் வெட்டியிருப்பார்கள்.

அழகரெத்தினம் நாடாவை இழுத்து அளந்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"ஊட்ட இருபத்தஞ்சடி பின்னுக்குத் தள்ளலாம். ஆனா பின்னால குழிக்கு இடமில்ல. ரெண்டு ஊட்டுக்கும் நடுவிலதான் வெட்டவேணும். அப்பிடி எண்டா..." அவர் ராத்தாவின் குசினி யன்னலைப் பார்த்தார். மீதியைச் சொல்லவில்லை.

சொல்லவும் தேவையில்லை. எங்கள் ஊரில் குழிக்காகக் கதைபேச்சு நின்றுபோன கூடப்பிறந்தவர்களை எனக்கு விரல்விட்டு எண்ணத் தெரியும். தன் குசினி யன்னலுக்கு முன்னால் அடுத்த வீட்டுக் குழி வர எவள் சம்மதிப்பாள்? நானாக இருந்தால் பள்ளிவாசல் வரை போய் முறைப்பாடு வைத்திருப்பேன். அதனால் நான் ராத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்கிற தகுதி அன்று எனக்கு இருக்கவில்லை.

"வெட்டுங்க" என்றாள் ராத்தா.

"ராத்தா, ஒங்கட குசினி..."

"குழிக்கு மூடி போடலாம். புள்ளைட நெஞ்சுக்கு மூடி போடலாமா? வெட்டுங்க அண்ணன். மூடிய மட்டும் நல்லா இறுக்கிப் போடுங்க, மணந்திச்செண்டா ஒங்களத்தான் புடிப்பன்."

சொல்லிவிட்டு, அடுப்பில் சோறு கிடக்கிறதென்று போய்விட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நா எழவில்லை. அழுகைதான் வந்தது. மறுநாள் மௌலவி துஆ ஓதியபோது, அத்திவாரக் கோடு ராத்தாவின் கம்பங்கள் நின்ற இடத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அன்று வீட்டுக்காகக் கேட்டதைவிட ராத்தாவுக்காகக் கேட்டதுதான் அதிகம்.

அடுத்த வருடம் மாரிக்கு முன்பாகக் குடிபுகுந்தோம். யன்னல் பொருத்திய அன்றே அழகரெத்தினத்திடம் சொல்லி, மகளின் அறைக்கு முன்னால், கொஞ்சம் மேற்கே விலக்கி, அந்த இரண்டு கம்பங்களையும் திரும்ப நடுவித்தேன். அங்கே மாரியிலும் வெயில் விழும் என்று இந்தத் தடவை ராத்தாவைக் கேட்டுக்கொண்டுதான் நட்டேன். ஆனால் ராத்தா ஒரு நாளும் அதில் உடுப்புப் போடவில்லை. எத்தனை தரம் சொன்னாலும், "புள்ளைட வெயில மறைக்கும்" என்ற ஒரே பதில். மேல்மாடி அறையில் மின்விசிறியைப் போட்டு அதன் கீழே காயவைக்கிறாள் என்று பிறகு எனக்குத் தெரியவந்தது.

மார்கழி வந்தது. ஆறு நாள் விடாமல் மழை. ஏழாம் நாள் காலையில் வானம் வெளித்தது. நான் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள் பயந்து பயந்து மகளின் அறைக்குப் போனேன். ஒவ்வொரு மாரியிலும் அந்த நேரத்தில் அவளுடைய நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும்.

மணி எட்டே கால் இருக்கும். ராத்தாவின் மேல்மாடிக்குப் பக்கத்தால் வெயில் வந்து, யன்னலுக்குள் நுழைந்து, கட்டிலின் பாதியில் விழுந்திருந்தது. பஹ்மிதா கட்டிலில் இல்லை. அவளுடைய தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். சுடச்சுடக் காய்ந்திருந்தது. முட்டுக்கு மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் ஐப்பசியில் அலுமாரிக்கு மேல் வைத்தபடியே பெட்டியோடு இருந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஒரு தரம்கூட அதை இறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

வெளியே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பஹ்மிதா ராத்தாவின் பின்கதவிலிருந்து ஒரு பேசின் நிறைய ஈர உடுப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு, குழி மூடிக்கு மேலால் வந்துகொண்டிருந்தாள். ராத்தா பின்னால் ஓடி வந்தாள்.

"வெச்சிட்டு வா மகள்! பாரம் தூக்காத, முட்டு வரும்!"

"வராது பெரியும்மா! எங்கட கொடியில போடுங்க. எங்கட வெயில் நல்லாக் காயும்!"

"வேணாம் கிளி, அது ஒங்கட வெயில்."

நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த நன்றி அப்போதுதான் வெளியே வந்தது.

"இல்ல ராத்தா, அது ஒங்கட வெயில். நாங்கதான் அதுக்குள்ள குடியிருக்கம்."

ராத்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேசினை வாங்கி, உடுப்பை ஒவ்வொன்றாக உதறி, யன்னலில் நிழல் விழாதபடி கொடியின் மேற்கு நுனியாகப் பார்த்து நெருக்கி நெருக்கிப் போடத் தொடங்கினாள்.