பூஜை எண்ணெய்

மருதப்பனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிரேக் வேலை பார்த்த எந்த மோட்டாரையும் சோபியா மேட்டில் ஏற்றி இறக்காமல் சொந்தக்காரரிடம் கொடுக்க மாட்டான். எவ்வளவு பெரிய மனிதர் வந்து அவசரம் என்று குதித்தாலும் சரி. மேட்டு உச்சியில் வண்டியைத் திருப்பி, சரிவில் விட்டு, பாதி வழியில் மிதித்து நிறுத்துவான். பிறகு இறங்கிச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இப்பக் கொண்டு போகலாம்" என்பான்.

ஒன்பது வருஷம் வெள்ளைக்காரனின் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவன் அவன். அங்கே அவன் முதுகொடியக் கழற்றிப் பூட்டிய வண்டியை, கை அழுக்காகாத ஒரு துரை கடைசியில் வந்து ஓட்டிக் காட்டி, நல்ல பேரை வாங்கிக்கொண்டு போவான். ஒன்பது வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து மருதப்பனுக்கு வயிறு எரிந்தது. 1912இல் வேலையை உதறிவிட்டு, சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, எருமைக் கொட்டகைகளுக்குப் பக்கத்தில் பழைய குதிரை லாயம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தான். பட்டறை தொடங்கியாயிற்று.

தொடங்கியாயிற்று என்று சொல்லிவிடலாம். மோட்டார் வரவேண்டுமே! ஐந்து மாதம் ஒன்றுகூட வரவில்லை. வெள்ளைக்காரர்களும் தவுக்கே எனப்படும் சீன முதலாளிகளும் கம்பெனிக்குத்தான் போவார்கள், அது சரி. மோட்டார் வைத்திருந்த இரண்டொரு தமிழர்களும் அங்கேயே போனார்கள். தமிழன் கையில் வண்டியைக் கொடுக்கத் தமிழனுக்கே பயம். மருதப்பன் குதிரை வண்டிக்கு அச்சு மாற்றினான், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினான், பக்கத்துப் பால்காரரின் இரும்புப் பெட்டிப் பூட்டைக்கூடத் திறந்து கொடுத்தான்.

டாக்டர் இராஜசிங்கம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், டோபி காட் வட்டாரத்தில் மருந்துக்கடையோடு சேர்ந்த சிகிச்சை அறை, சோபியா மேட்டில் வீடு. கம்பெனிக்காரன் இரண்டு தடவை பார்த்தும் தீராத எஞ்சின் கோளாறை மருதப்பன் ஒரு பிற்பகலில் தீர்த்துக் கொடுத்தான். டாக்டர் போகிற வீட்டிலெல்லாம் நோயை விசாரித்த கையோடு மருதப்பனைப் பற்றியும் சொன்னார். அவர் பேச்சை நம்பி இன்னும் மூன்று வண்டிகள் வந்தன. கடை மூச்சுவிட ஆரம்பித்தது. அந்த மூச்சு முழுக்க டாக்டர் கொடுத்தது என்பது மருதப்பனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தபோது அவன் மனைவி பாக்கியலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷம் கம்பெனிக்காரன் ஆயுதத்துக்குத்தான் அவள் புருஷன் பொட்டு வைத்தான். இப்போது சொந்த ஸ்பானர், சொந்தச் சம்மட்டி. முந்தின நாளே வந்து லாயத்தைக் கழுவிவிட்டாள். பூஜையன்று காலையில் மருதப்பன் பொரிகடலையும் வாழையிலையும் பூசணிக்காயும் வாங்கச் சந்தைக்குப் போனபோது, அவள் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டில் அரிவாள்மணையைக் கழுவினால் எண்ணெய் தடவித்தான் பூஜைக்கு வைப்பாள். துருவோடு சாமி முன்னால் இரும்பை வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் துடைத்தாள், சந்தனம் தடவினாள், குங்குமம் வைத்தாள்.

டாக்டரின் வண்டியும் அங்கேதான் நின்றது. பிரேக்குக்குப் புதுத் தோல் போடுவதற்காக வந்த வண்டி. அந்தக் காலத்து மோட்டாரில் பின்சக்கரங்களின் உட்பக்கம் இரும்பு உருளை ஒன்று வெளியே தெரியச் சுற்றும். தோல் பதித்த பட்டை ஒன்று அதை இறுக்கிப் பிடித்தால் வண்டி நிற்கும். காலால் மிதித்தாலும் கையால் இழுத்தாலும் அந்த உருளையைத்தான் பிடித்தாக வேண்டும். பாக்கியலட்சுமிக்கு அதெல்லாம் என்ன தெரியும்? குனிந்து பார்த்தாள், இரும்பு தெரிந்தது, துடைத்தாள்.

சந்தையிலிருந்து திரும்பிய மருதப்பன் வாசலிலேயே நின்றுவிட்டான். லாயமே பளபளத்தது.

"என்னடி, கல்யாண வீடு மாதிரி பண்ணிட்டே!"

"பின்னே? நம்ம கடையில்ல!" என்றாள்.

சாம்பிராணி போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. வண்டியும் பூஜையில் இருந்ததால் அதற்கும் அதே கணக்கு. விஜயதசமியன்று விடிந்ததும் மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோய் விடலாம் என்று மருதப்பன் நினைத்திருந்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டரின் டிரைவர் முகைதீன் ஓட்டமும் நடையுமாக வந்தான். நாகூர்ப் பக்கத்துக்காரன், நாலு வருஷமாக டாக்டரிடம் இருப்பவன். மாலை போட்ட வண்டியைப் பார்த்ததும் சிரித்தான்.

"மாப்பிள்ளை மாதிரி நிக்குதே! அண்ணே, காத்தோங்ல ஒரு பிரசவக் கேசாம், கஷ்டமா இருக்காம். ஐயா அஞ்சரைக்குக் கிளம்பணும்கிறாரு. வண்டி வேணும்."

மருதப்பன் தலையைச் சொறிந்தான். இல்லை என்று சொல்ல முடியாது, டாக்டராச்சே. தானே ஓட்டிப் பார்க்கவும் மனம் வரவில்லை, முதல் பூஜையாச்சே. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான், பெரிய புத்திசாலி!

"நான் இன்னிக்குத் தொடக் கூடாதுப்பா. உனக்கு அந்த முறை கிடையாதே. நீயே எடுத்துட்டுப் போ."

முகைதீன் ஏறி உட்கார்ந்தவன், சட்டென்று திரும்பிக் கேட்டான். "மேட்டுல ஏத்திப் பாத்துட்டீங்கதானே?"

"நானே போட்ட தோலு. தைரியமா எடு" என்றான் மருதப்பன்.

கேட்டதற்கு அது பதில் இல்லை. முகைதீன் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டான்.

மாட்டு வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிற சிராங்கூன் சாலையில் பிரேக்கின் யோக்கியதை யாருக்கும் தெரியாது. முகைதீன் வண்டியை மேட்டு வீட்டுக்கு ஏற்றி, டாக்டரின் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, அவரை மருந்துக்கடையிலிருந்து அழைத்துவரச் சரிவில் வண்டியை இறக்கினான். மிதித்தான், நிற்கவில்லை. கையால் இழுத்தான், அதற்கும் நிற்கவில்லை. கீழே சிலிகி சாலையில் அந்த நேரத்துக் கூட்டம். கூட்டத்துக்குள் பாயாமல் வண்டியைச் சாக்கடைச் சுவரில் மோதத் திருப்பினான். சுவரோரம் நின்ற ரிக்‌ஷாவைக் கடைசி நொடியில்தான் பார்த்தான். ரிக்‌ஷா இழுத்த சீனருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. முகைதீனுக்கு நெற்றியில் மட்டும் காயம்.

மறுநாள் வண்டியை எருதுகள் பூட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டார்கள். முன்னச்சு வளைந்திருந்தது, விளக்கு நொறுங்கியிருந்தது. மருதப்பன் அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே பின்சக்கரத்துக்குப் போனான். பட்டையைக் கழற்றியதும் கையில் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனான். நல்லெண்ணெய். உருளையின் ஓரத்தில், உரசலில் பாதி அழிந்து, ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. பொட்டைத் துடைத்தான், உருளையைப் பெட்ரோல் விட்டுக் கழுவினான், தோலைப் பிய்த்து உலையில் போட்டான். வேறு தோலைப் பதித்து முடிக்கிற வரை அவன் ஒன்றையும் யோசிக்கவில்லை. கை தானாகச் செய்தது. யோசனை பிறகுதான் வந்தது, போகவும் மாட்டேன் என்றது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். "மருதப்பன், போலீசார் என்னட்டைக் கேக்கினம். பிரேக்கில ஏதும் பிழை இருந்ததோ? உள்ளதைச் சொல்லும்."

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. நல்லாத்தான் இருக்கு."

"நீர் சொன்னால் சரிதான். அப்ப அவன்தான் கவனமில்லாமல் வண்டி ஓடியிருக்கிறான்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். முகைதீனை வேலையிலிருந்து நிறுத்தினார். போலீஸ் வழக்குப் போட்டது. லைசென்ஸ் போவது நிச்சயம், ஜெயிலும் கிடைக்கலாம் என்று சாலை முழுக்கப் பேச்சு.

உண்மையைச் சொன்னால் டாக்டர் போவார், அவர் பின்னால் வந்த மூன்று வண்டிகளும் போகும். எண்ணெய் தடவிய பிரேக்கோடு வண்டியைக் கொடுத்தவனிடம் அப்புறம் சைக்கிள்கூட வராது. ஆனால் மருதப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அது இல்லை. பாக்கியலட்சுமிக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள், அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டான். அப்படிச் சொன்னால் கொஞ்சம் சோறு இறங்கியது.

ஐந்தாம் நாள் முகைதீன் பட்டறைக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று மருதப்பன் எழுந்து நின்றான். அவனோ நெற்றிக் கட்டோடு மெதுவாக வந்து, "வண்டியில கொஞ்சம் உக்காந்து பாக்கலாமாண்ணே?" என்று கேட்டான்.

ஏறி உட்கார்ந்தான். ஓடாத வண்டியில் பிரேக்கை மிதித்தான், விட்டான், மறுபடி மிதித்தான்.

"இதைத்தான் மிதிச்சேன்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். ஆனா நீங்க பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்க. உங்க கை தெரியாதா எனக்கு? அப்ப என் காலுதான் எங்கேயோ பதறி மாறியிருக்கு." அவன் தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். "ஆஸ்பத்திரிக்குத் தினம் போறேன். கால் முறிஞ்ச அந்த ஆள் மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. குத்தத்தை ஒத்துக்கலாம்னு இருக்கேண்ணே. அப்பவாச்சும் தூக்கம் வருதான்னு பாப்போம்."

திட்டியிருந்தால் மருதப்பன் தாங்கியிருப்பான். உண்மை நாக்கின் நுனி வரை வந்தது. "டீ சாப்பிடறியா?" என்று கேட்டான். இவனெல்லாம் ஒரு மனுஷன்!

வழக்கு நாளன்று காலையில் பாக்கியலட்சுமி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தாள். "முகைதீனுக்காக வேண்டிக்கிட்டேன். நல்ல நாளும் அதுவுமா, பூஜை போட்ட வண்டியில இப்படி ஆயிடுச்சே. நாம எதுலயாச்சும் குறை வச்சிட்டோமா?"

மருதப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் எண்ணெய்க் கை என்று நினைத்தோ என்னவோ, உலர்ந்த கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து நின்றாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எட்டு நாளா எங்கிட்டச் சொல்லாம இருந்தது எனக்காகவா, கடைக்காகவா?"

மருதப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

புது டிரைவர் கிடைக்காததால், சரிசெய்த வண்டியில் டாக்டரை அன்று மருதப்பன்தான் கோர்ட்டுக்கு ஓட்டிப்போனான். முகைதீன் குற்றத்தை ஒத்துக்கொள்ள வாய் திறப்பதற்குள், பின்னால் இருந்து மருதப்பன் எழுந்தான். பியூன் அதட்டினான். மொழிபெயர்ப்பாளர் விழித்தார். பிரேக்கில் எண்ணெய் பட்டிருந்தது, பட்டறையில் பட்டது, சோதிக்காமல் கொடுத்தவன் நான், பிறகு அதைக் கழுவி மறைத்தவனும் நான் என்று சொன்னான். யார் தடவியது என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்கு, "நான்தாங்க" என்றான். அன்று அவன் சொன்ன ஒரே பொய் அதுதான். முகைதீனை விட்டுவிட்டார்கள். மருதப்பனின் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

வெளியே வெயில். டாக்டர் மருதப்பன் முகத்தைப் பார்க்கவே இல்லை. முகைதீனின் தோளைத் தொட்டு, "நான் பிழையாய் நினைச்சிட்டன். மனசில வைக்காதையும். வாரும், வண்டியை எடும்" என்றார்.

முகைதீன் ஏறினான். மருதப்பன்தான் முன்னால் குனிந்து எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது, குறை சொல்ல இடமில்லாத சத்தம். முகைதீன் வலது காலைத் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்தான். கால் நடுங்கியது. கையால் முழங்காலை அமுக்கிப் பிடித்துப் பார்த்தான். நடுக்கம் நிற்கவில்லை. சாலையில் ஆட்கள் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். ரிக்‌ஷா ஒன்று கடந்து போனது. அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"முகைதீன், பிரேக்குல ஒண்ணுமில்லப்பா. மூணு தடவை ஏத்தி இறக்கிட்டேன்" என்றான் மருதப்பன்.

"தெரியும்ணே. எண்ணெய் தெரியாமப் பட்டது, அதுக்கு யாரு என்ன பண்ணுவா?" முகைதீன் அவனை நேராகப் பார்த்தான். "ஆனா எட்டு நாளா நீங்க சொன்னதைத்தான் நம்பினேன். இந்தக் காலை நம்பலே. இப்ப நீங்க மாத்திச் சொல்றீங்க, காலு கேக்க மாட்டேங்குது."

அவன் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, சாலைக் கூட்டத்தோடு நடந்து போனான். டாக்டர் கைதட்டி ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். கழற்றிப் பூட்ட முடியாத ஒன்றை முதன்முதலாக உடைத்துவிட்டவனாக, மருதப்பன் கையில் கைப்பிடியோடு வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.