பெட்டிக்குள் போன ஆசீர்வாதம்

நிகோலாசாவின் பேஸ் கிட்டாருக்கான ஒலிப்பெட்டி மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ஊமையாகிப்போனது. மலைநகரமான எல் ஆல்டோவில், இரண்டாம் மாடி விழா மண்டபத்தில், சரவிளக்குகள் ஜொலிக்க, பீர்ப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்க, எல்லாம் தயார். விழா எடுக்கும் அசுந்தா அம்மாளும் அவர் கணவரும் ஊதுகுழல்காரர்கள் சூழத் தெருமுனையிலிருந்து ஆடிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வாசற்படியில் கால் வைக்கும்போது மேடையில் கும்பியா ஆட்ட இசை தொடங்கியாக வேண்டும். பேஸ் இல்லாத கும்பியாவுக்கு யாரும் இடுப்பை அசைக்க மாட்டார்கள்.

குழுவில் ஒரு பெண்ணைச் சேர்த்ததே தன் பெருந்தன்மை என்று குழுத் தலைவர் மாஸ்டர் ஹசிந்தோவுக்கு நினைப்பு. "ஒரு தடவை சொதப்பினாலும் உன் இடத்துல வில்பெர்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வில்பெர் அவருடைய அக்கா மகன். இன்று பேஸ் கிட்டாரும் சொந்தப் பெட்டியுமாக வந்து, மேடை ஓரத்தில் பன்றிக்கறிக் குழம்பை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெட்டியைக் கடன் கேட்கலாம்தான். கேட்டால் அவனும் கூடவே மேடையேறிவிடுவான்.

"காலையில லாரியில இருந்து இறக்கிப் போட்டுப் பார்த்தப்ப கரகரன்னாலும் பேசுச்சு மாஸ்டர். படியில இடிச்சு இடிச்சுத் தூக்கிட்டு வந்தாங்க, இப்ப வாயே திறக்கல" என்றாள் நிகோலாசா.

"எனக்குத் தெரியும், இப்படி ஆகும்னு. செவ்வாய்க்கிழமை படையலுக்கு ரெண்டே பாட்டில் வாங்கித் தந்தேல்ல? பாச்சமாமாவுக்கு மனசு குளிரல!"

"பூமி அம்மாவுக்குக் குளிர்ந்துச்சோ என்னவோ, பெட்டிக்கு நல்லாவே குளிர்ந்துச்சு. தலையோட குளிப்பாட்டிட்டீங்களே!"

திருவிழாச் செவ்வாயன்று வீடோ வண்டியோ வாத்தியமோ, சோறு போடும் எதன் மேலும் பீர் தெளித்து, வண்ணக் காகிதப் பொட்டு தூவி, பூமித்தாய் பாச்சமாமாவைக் கும்பிடாமல் விடுவதில்லை. மற்ற விஷயங்களில் மாஸ்டருக்குக் கை கொஞ்சம் இறுக்கம். அடுத்தவர் வாங்கிய பீரைத் தெளிப்பதில் மட்டும் வள்ளல்.

நிகோலாசா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அகன்ற பாவாடை தரையெல்லாம் விரியப் பெட்டியின் முன் மண்டியிட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ரேடியோக்களுக்கு உயிர் கொடுப்பவள் அவள். கைக்கு வேலை தெரியும்.

சிவப்பு விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. அப்படியானால் கரண்டில் குறை இல்லை. கிட்டாரைக் கேபிளோடு கொண்டுபோய் கீபோர்டு வாசிக்கும் எலிசேயோவின் பெட்டியில் செருகினாள். 'தும்' என்றது. கிட்டாரும் கேபிளும் நல்லவை. ஸ்பீக்கர் வயரை மாற்றிப் பார்த்தாள். சத்தமில்லை.

தெருவில் டிரம்பெட் நெருங்கியது.

"மாமா, நான் ஏறட்டுமா?" வில்பெர் கையைத் துடைத்துக்கொண்டான்.

"உக்காருடா, கறி ஆறிடும்" என்றாள் நிகோலாசா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பெட்டியின் முதுகில் இரண்டு துளைகள் உண்டு. ஒலியை மாற்றும் எஃபெக்ட் கருவி வைத்திருப்பவர்களுக்காக, ஒன்று சத்தத்தை வெளியே அனுப்பும், மற்றது திரும்ப வாங்கிக்கொள்ளும். எதுவும் செருகாதபோது வாங்கும் துளைக்குள் ஒரு சின்னத் தகடு தொட்டுக்கொண்டிருக்கும். அது தொட்டால்தான் பெட்டியின் முன்பாதிச் சத்தம் பின்பாதிக்குப் போகும். அவளிடம் எஃபெக்ட் எதுவும் இல்லாததால் அந்தப் பக்கம் கை வைத்ததே இல்லை. இப்போது கிட்டாரை நேராக அந்த வாங்கும் துளையில் செருகித் தந்தியைத் தட்டினாள்.

மெல்லியதாக, ஆனால் பிசிறில்லாமல், 'தும்' என்றது.

பின்பாதியும் ஸ்பீக்கரும் உயிரோடுதான் இருந்தன. கேபிளை உருவினாள். அதன் நுனியில் இளஞ்சிவப்பாக ஒரு காகிதப் பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தாள். பீர் வாடை! படையலன்று லாரியில் பெட்டி முகம் குப்புறக் கிடந்தது, துளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மாஸ்டர், இந்தாங்க உங்க ஆசீர்வாதம்."

மாஸ்டர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது... நான் பாச்சமாமாவுக்குப் போட்டதாச்சே" என்றார்.

பழையபடி முன்னால் செருகினாள். அப்போதும் மௌனம்தான். உள்ளே இன்னும் பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கழற்றித் துடைக்க நேரம் ஏது? ஊதுகுழல்காரர்கள் படியேறத் தொடங்கிவிட்டார்கள்.

"எலிசேயோ, உன் சாண் கேபிளைக் குடு! சீக்கிரம்!"

"எதுக்குடி அது?"

"குடுடா, அப்புறம் சொல்றேன்!"

அந்தக் குட்டைக் கேபிளின் ஒரு முனையை அனுப்பும் துளையிலும் மறுமுனையை வாங்கும் துளையிலும் செருகினாள். தகடு தொட்டாலென்ன, தொடாவிட்டாலென்ன, சத்தம் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகட்டும். எழுந்தாள், தொப்பியை வைத்தாள், அடித்தந்தியை ஓங்கி இழுத்தாள்.

மண்டபம் அதிர்ந்தது. சரவிளக்குக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. வாசலில் அசுந்தா அம்மாள் வலது காலை வைத்ததும் பேஸ் விழுந்ததும் ஒன்றாகவே நடந்தன. அந்த அம்மாள் இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றியதில் பத்து அடுக்குப் பாவாடையும் குடையாக விரிந்தது, பின்னால் வந்த இருநூறு பேரும் கூடவே சுழன்றார்கள். நிகோலாசாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை. ஆறு பாட்டுகளை மூச்சுவிடாமல் வாசித்துத் தள்ளினாள். மூன்றாவது பாட்டிலேயே வில்பெரும் எழுந்து ஆடத் தொடங்கியிருந்தான்.

ஆறாவது பாட்டு முடிந்ததும் மாஸ்டர் வந்தார். முகமெல்லாம் பல். ஒரு கையில் பீர் பாட்டில், மறு கையில் ஒரு பிடி காகிதப் பொட்டு. நேராகப் பெட்டியை நோக்கி நடந்தார்.

நிகோலாசா சால்வையை உருவிப் பெட்டிமேல் போர்த்தினாள். "மாஸ்டர், பூமி அம்மா கீழ இருக்கா. பீரை அங்க ஊத்துங்க."

மாஸ்டர் அசடு வழியத் தரையில் ஊற்றினார். பிறகு கையிலிருந்த காகிதப் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இதை?"

இந்த ஊரில் ஒருவரைக் கௌரவிக்க வேண்டுமென்றால் காகிதப் பொட்டை அவர் தலையில்தான் போடுவார்கள். குழுவில் சேர்ந்து எட்டு மாதத்தில் அவள் தலையில் யாரும் ஒரு பொட்டுகூடப் போட்டதில்லை.

நிகோலாசா தொப்பியைக் கழற்றினாள். "இங்க."

மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மாஸ்டர் அந்தப் பிடி முழுவதையும் அவள் உச்சந்தலையில் கொட்டினார்.

"அடுத்த கச்சேரிக்குச் சனிக்கிழமை ஏழு மணிக்கு லாரி வருது" என்றார். "பெட்டியை நிமித்தியே ஏத்தச் சொல்றேன்."