யோராம் ராஜாவுக்கு எத்தனை மரக்கால்

யூதாவின் ராஜா யோராம் குடல் அழுகிச் செத்தான் என்ற செய்தி எருசலேமின் வாசனைக்காரர் தெருவுக்கு வந்தபோது ஒருவரும் துக்கத்தில் மேலாடையைக் கிழித்துக்கொள்ளவில்லை. துணி விற்கிற விலையில் அந்த ஆளுக்காகக் கிழிப்பதா? அரண்மனைக்கு விற்க மனமில்லாமல் ஒவ்வொருவராகக் கடைப்பலகையைச் சாத்தினார்கள். ஒக்லாள் மட்டும் சாத்தவில்லை.

அவளால் சாத்த முடியாது. ராஜா செத்தால் கல்லறைக்கு முன்னால் வாசனைப் பொருட்களை மலைபோலக் குவித்து எரிப்பது அந்த ஊர் வழக்கம். யோராம் படுக்கையில் விழுந்த வாரமே அவள் தெற்கத்தி ஒட்டகக்காரர்களிடம் சாம்பிராணியும் வெள்ளைப்போளப் பிசினும் வாங்கிப்போட ஆரம்பித்தாள். இன்று போவான், நாளை போவான் என்று இரண்டு வருஷம் ஓடிற்று. கையிலிருந்த வெள்ளியெல்லாம் இப்போது பதினோரு ஜாடியாகக் கடைக்குள் நின்றது. ஊரே முகம் சுளித்த வயிற்றை நம்பி முதல் போட்டவள் அவள் ஒருத்திதான். இன்று விற்காவிட்டால் கடையே கைவிட்டுப் போகும்.

அரண்மனைக் காரியஸ்தன் பெலத்தியா இரண்டு கழுதைகளில் ஒரு கட்டு வெறுஞ்சாக்கை ஏற்றி ஓட்டிக்கொண்டு வந்தான். யோராமின் தகப்பன் யோசபாத் செத்தபோது வாசனைக்காரர்கள்தான் அரண்மனை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். இந்த முறை அரண்மனை தெருவுக்கு வந்தது. அப்படி வந்ததிலேயே பாதி மதிப்பு இறங்கிவிட்டது.

"அக்கா, நீங்களாச்சும் தெறந்து வெச்சிருக்கீங்களே!"

"வாங்கய்யா. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? ரெண்டு வருஷமா நல்ல காத்தே படலையோ?"

"அதைக் கேக்காதீங்க. பதினோரு ஜாடியும் வேணும். பொழுது சாயறதுக்குள்ள எரிக்கணும். இல்லேன்னா பட்டத்துக்கு வர்ற சின்னவரு என்னைத்தான் எரிப்பாரு."

அவள் சொன்ன விலைக்கு அவன் தலையாட்டினான். பேரமே பேசவில்லை. ஒக்லாளுக்குச் சப்பென்று இருந்தாலும் அளக்கிற மரக்காலை எடுத்தாள்.

எரிதூபம் அளப்பதற்கு அந்தத் தெருவில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு மரக்காலுக்கும் வாங்க வந்தவன் செத்தவர் செய்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். தெருக்காரர்கள் 'ஆமாம்' என்றால்தான் மரக்காலைச் சாய்க்கலாம். அந்த ஆமாம் இல்லாமல் சாய்த்தவளிடம் அப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்காரனும் வாசனை வாங்க மாட்டான். யோசபாத்துக்குக் காலையில் தொடங்கிய அளவை மத்தியானம்வரை போயிற்று.

சாத்திய கடைகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து கைகட்டி நின்றார்கள்.

பெலத்தியா தொண்டையைச் செருமினான். "ஏதோம்காரனை அடக்கப் படை எடுத்துப் போனாரு."

"போனாரு, போனாரு," என்றான் எதிர்க்கடை ஆசூப். "சுத்தி வளைச்சுட்டாங்கன்னதும் ராத்திரியோட ராத்திரியா பிச்சுக்கிட்டு வந்தாரு. ஏதோம் இப்ப யாருதுப்பா?"

"ஏதோம்காரனுதுதான்!" என்றது கூட்டம்.

"லிப்னா பட்டணத்தை..."

"அதுவும் போச்சு. நம்ம காலடியில கெடந்த ஊரு. அதுவே உங்க சங்காத்தம் வேணாம்னு கெளம்பிடுச்சு."

மரக்கால் ஜாடிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒக்லாளுக்கே பொறுக்கவில்லை. "குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்கய்யா. கூடப் பொறந்தவங்க மேல..." என்று எடுத்துக்கொடுத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்ட அக்கா? ஆறு தம்பிங்க," என்று ஆசூப் விரல் மடக்கினான். "பட்டத்துல உக்காந்ததும் ஆறு பேரையும் ஒரே கத்தியாலதான் வெட்டினாரு. பாரபட்சமே கெடையாது."

சிரிப்பு தெருக்கோடிவரை ஓடிற்று.

"பொண்டாட்டி சொல்லைத் தட்ட மாட்டாரு," என்றான் பெலத்தியா. குரல் இறங்கிவிட்டது.

"அந்த சமாரியாக்காரி சொன்னதைக் கேட்டுத்தான்யா ஊரு இந்த லட்சணத்துல கெடக்கு."

"பெலிஸ்தர் கொள்ளையடிக்க வந்தப்ப..."

"அரண்மனைக்குள்ள பூந்து பொருளு, கடைக்குட்டி தவிர புள்ளைங்க, பொண்டாட்டிங்கன்னு அள்ளிக்கிட்டுப் போனாங்க. உங்க ராஜாவை வேணாம்னு விட்டுட்டுப் போனாங்க. எது தேறும், எது தேறாதுன்னு கொள்ளைக்காரனுக்குத் தெரியாதா?"

ஒக்லாள் கெஞ்சாத குறைதான். "யோசிங்கய்யா. ஒரு கெணறு வெட்டினாரா? ஒரு நாய்க்குச் சோறு போட்டாரா? எட்டு வருஷத்துல கால் தடுக்கியாச்சும் யாருக்காவது நல்லது பண்ணியிருப்பாரே!"

பெலத்தியா சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்தான். இரண்டு வருஷம் அந்தப் படுக்கையை அலசியவன். வானத்தைப் பார்த்தான், கழுதையைப் பார்த்தான். கடைசியில் சொன்னான்:

"செத்தாரு."

"ஆமாம்!" என்று கத்தினான் ஆசூப். "ஆமாம்! ஆமாம்!" யோசபாத்துக்குக்கூட அப்படி ஒரு ஆமாம் கிடைத்ததில்லை.

ஒக்லாள் ஒரு மரக்கால் அள்ளினாள். கும்பமாக இல்லை, தலை வழித்து. சாக்கில் சாய்த்தாள்.

"இதை வெச்சு ஒரு அடுப்புக்கூட மூட்ட முடியாதே அக்கா! ரெட்டிப்பு வெலை தரேன். கண்ணை மூடிக்கிட்டு மிச்சத்தையும் சாய்ச்சுடுங்க. நீங்களே ஏதாவது நல்லதா நாலு சொல்லுங்க. கேட்டுட்டு ஆமாம்பாங்க."

அவள் கை ஜாடிக்குப் போனது. நல்ல வாடிக்கைக்காரர்களுக்காகத் தினமும் பத்துப் பொய் சொல்லுகிறவள்தான். போன வருஷத்துப் போளத்தை நேற்று வந்தது என்று சத்தியம் செய்தவள்தான். வாயைத் திறந்தாள். ஆனால் அந்த ஆளுக்காக ஒரு பொய்யைச் செலவழிக்க மனசு வரவில்லை.

"போங்கய்யா," என்று ஜாடிகளை மூட ஆரம்பித்தாள். "அவரு ஆண்டதுக்கு வெளஞ்சது அவ்வளவுதான்."

பெலத்தியா சாக்கிலிருந்து ஒரு கை போளத்தை எடுத்துத் தலைப்பாகைத் துணியில் முடிந்து மூக்கின் மேல் கட்டிக்கொண்டான். பிணத்தை இன்னும் தூக்க வேண்டும்.

அவன் போய் வெகுநேரம் கழித்து ஆசூப் கடைக்குள் நுழைந்தான். "அக்கா, அந்தப் பதினோரு ஜாடியையும் கால் விலைக்குக் குடு. உனக்காகத்தான் கேக்கறேன்."

"எனக்காகவா? கட்டையில போறவனே, முக்கா விலை. அதுவும் நீ எதிர்க்கடைக்காரன்கிறதால."

"முக்காலா? வாசத்தை மோந்தா மாட்டுக்கொட்டா மாதிரி இருக்கு!"

"அது தெருக்கோடியிலேருந்து வருதுடா."

பொழுது சாய்கிற நேரம். தெருக்கோடியில் நாலு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனார்கள். ராஜாக்களின் கல்லறைப் பக்கம் திரும்பாமல் நேரே போனார்கள். முன்னால் மூக்கைக் கட்டிய ஒருவன்.

"அரை விலை, அக்கா. அதுக்கு மேல ஒரு சல்லி கெடையாது."

"அரைக்கு மேல ஏதாச்சும் சேத்துச் சொல்லு," என்றாள் ஒக்லாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.