முகடில்லாத கூரை

வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருக்கும் நாட்களில் மட்டும், தெய்ஜி தன் கொல்லையில் கட்டிய வானாய்வுக் கூண்டுக்குள் மழை பெய்தது. ஓவாசே ஊரில் மழைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை என்பதால், முதல் மாதம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெய்ஜி படகுப் பட்டறையில் கண்ணாடி நார் பூசுகிறவன். கடலையே வெளியே நிறுத்தத் தெரிந்த கை. வளைத்த ஒட்டுப்பலகைமேல் நாரும் பிசினுமாக ஐந்து பூச்சு பூசி, சுழலும் விளிம்புக்கு ரப்பர் பட்டை ஒட்டி, திறப்பின் இடுக்குகளை ஊசி நுழையாமல் அடைத்து, இரண்டு வருஷத்தில் உருண்டைக் கூரையை ஏற்றினான். தொலைநோக்கியைக் காரைத் தூணில் அசையாதபடி பதித்தான். ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து அதற்குத் தன் பெயர் விழ வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறு ஆசையே கிடையாது. கூரை ஏறியதும் மேலிருந்து அக்கம்பக்கத்தாருக்கு மோச்சி என்னும் இடித்த அரிசி உருண்டைகளை வீசுவது ஊர் வழக்கம். மனைவி கினு அதை நினைவுபடுத்தினாள். "முகட்டு உத்தரம் ஏத்தினாத்தான்டி மோச்சி. இதுல முகடு எங்க இருக்கு?" என்றான்; வீசவில்லை. அந்தத் தெரு அரிசியை மறக்கிற தெரு அல்ல.

அவன் வேலை அவ்வளவு சுத்தம். உள்ளே பெய்த மழை ஒரு சொட்டுகூட வெளியே கசியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் படகில் இறைப்பதுபோல் வாளியால் இறைத்தார்கள். மூன்றாம் வருஷம், மழை தொடங்குமுன் கிடைத்த சிறு இடைவெளியில், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு மங்கல் புள்ளியைப் பார்த்துவிட்டான். இன்னொரு முறை பார்த்தால்தான் அறிவிக்கலாம். மறுநாளிலிருந்து இடைவெளியும் இல்லாமல் போயிற்று.

அன்று வீசாத மோச்சிதான் இப்படிப் பெய்கிறது என்று பட, மானத்தை மடித்து வைத்துவிட்டு மோச்சி இடித்தான். ஞாயிறு காலை கூண்டின் உச்சியில் ஏறி வீசினான். தெருவில் ஒரு திரைச்சீலைகூட விலகவில்லை. தெருத் தலைவர் ஒகுமுரா மட்டும் வேலியோரம் வந்தார்.

"முகடே இல்லன்னு சொன்னியாமே தெய்ஜி. எங்களுக்கும் இப்பப் பசியில்லப்பா."

கினு முட்டிவலியோடு சேற்றில் மண்டியிட்டு, ஒன்று விடாமல் ஏப்ரனில் பொறுக்கினாள். நிறுத்தினால் இறங்க வேண்டுமே என்று தெய்ஜி கூடை காலியாகும்வரை அவள்மீதே வீசினான். மழை அன்றைக்கு இரட்டிப்பாகப் பெய்தது.

பதினொரு நாள் கழித்து அந்த வால்நட்சத்திரத்துக்கு வடக்கத்தி ஊர்ப் பல் வைத்தியர் ஒருவரின் பெயர் விழுந்தது. வானொலியில் கேட்டுவிட்டு வந்து கினு சொன்னாள். தெய்ஜி வாளியை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதான். உள்ளே கொட்டிய மழையின் இரைச்சலில் அந்த அழுகை வேலிக்கு அப்பால் எட்டவில்லை.

அடுத்த வசந்தத்துக்குள் தெருப் பெண்கள் விடிந்ததும் அவன் கூண்டுக்குக் காதுகொடுக்கப் பழகியிருந்தார்கள். உள்ளே மழைச் சத்தம் கேட்டால் மெத்தைகளை வெயிலில் போடலாம். சாயங்காலம்வரை வானம் ஏமாற்றாது. ஒருநாளும் தப்பியதில்லை. வருஷக் கடைசியில் ஒகுமுரா தெருவின் சார்பில் நன்றி சொல்லி ஒரு கைத்துண்டு கொடுத்தார். தெய்ஜி குனிந்து வாங்கிக்கொண்டான்.

ஒரு காலையில் கினு முற்றத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, உள்ள பெய்யுதா?"

"கொட்டுது."

அவள் அவனுடைய மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட்டாள்.