பூட்டாமல் விட்ட இடது ரிவர்ஸர்

புதுப்பட்டினத்தில் ரெஜினாவின் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திய வேகத்திலேயே ஸ்டான்லி உள்ளே வந்தான். விமானத்தை விட்டு வெளியே வரவே கூடாத பதிவுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வீசினான்.

"இன்னா பாக்குற? ஒண்ணாவது இன்ஜின்னு எழுதிக்கீற. அத்த அடிச்சிட்டு ரெண்டுன்னு போடு. சாயங்காலம் ஃப்ளைட்டு கீது."

அண்ணன்தான். ஆனால் விமான நிலையத்தில் அவன் மெக்கானிக். தங்கை லைசென்ஸ் வாங்கிய இன்ஜினியர். அவன் முடுக்கும் ஒவ்வொரு திருகுக்கும் அவள் கையெழுத்து வேண்டும். அதை அவனால் என்றைக்குமே பொறுக்க முடிந்ததில்லை.

விமானத்தில் எல்லாப் பழுதையும் உடனே சரிசெய்வதில்லை. சிலவற்றைத் தள்ளிப்போட விதி இடம் தருகிறது. ஆனால் அப்படியே விட்டுவிட முடியாது. ரிவர்ஸரை எடுத்துக்கொள்ளுங்கள். தரையிறங்கியதும் இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி, விமானத்தை இழுத்துப் பிடிக்கும் கதவுகள் அவை. பறக்கும்போது தானாகத் திறந்துகொண்டால் விமானமே கவிழக்கூடும். அதனால் பழுதானதை ஆணி செருகிப் பூட்ட வேண்டும்; பைலட்டின் கைப்பிடியில் 'தொடாதே' என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்; புத்தகத்தில் எழுத வேண்டும். பிறகு உதிரிபாகம் வரும்வரை பறக்கலாம். ஒன்றாவது இன்ஜின் என்பது பைலட்டுக்கு இடப்பக்கம் உள்ளது.

இந்த விமானத்தில் கெட்டது ஒன்றாவது இன்ஜினின் ரிவர்ஸர். ரெஜினா ஸ்டிக்கரை அதன் கைப்பிடியில்தான் ஒட்டினாள், அப்படியேதான் எழுதினாள். ஸ்டான்லியோ விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்றுகொண்டு, தன் இடக்கைப் பக்கம் இருந்த இரண்டாவதைப் பூட்டிவிட்டான். அண்ணன் செய்த வேலைதானே என்று அவளும் போய்ப் பார்க்காமலே கையெழுத்திட்டாள்.

இன்று காலை தரையிறங்கிய பைலட், நல்லதென்று நம்பி இரண்டாவதை இழுத்தார். அது அசையவில்லை. பிரேக்கை மட்டும் வைத்து, ஓடுபாதையின் கோடியில் போய் நிறுத்தினார்.

"கெட்டதே ரெண்டாவதுதான்னு எழுதிடு. ஸ்டிக்கர நான் மாத்தி ஒட்டிக்கிறேன். பேப்பரும் பிளேனும் ஒத்துப்போவும். எவன் கேக்கப் போறான்?"

"ஒத்துப்போவும். ஆனா கெட்டது பூட்டாமலே பறந்துகினு இருக்குமே அண்ணா. நல்லதுன்னு நெனச்சி பைலட்டு அதத்தான் இழுப்பாரு."

"வந்துட்டா பாடம் எடுக்க! எனக்கு வேல போச்சுன்னா உன் லைசென்சும் போவும், தெரியும்ல?"

"தெரியும்."

அவள் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பிடுங்கப் பாய்ந்தவனிடமிருந்து மேசைக்கு அந்தப் பக்கம் விலகிக்கொண்டே பேசினாள்.

"ரெஜினா பேசறேன். காலையில வந்த பிளேன நிறுத்துங்க. இடது ரிவர்ஸர் பூட்டல, வலத பூட்டியிருக்கு. பூட்டினது ஸ்டான்லி. பாக்காம கையெழுத்துப் போட்டது நான்."

அவன் உதைத்த நாற்காலி சுவரில் மோதி விழுந்தது.

"என் பேர சொல்லாட்டி வாய் வெந்துடுமா உனக்கு? புக்க குடு."

"குடுக்க மாட்டேன். நானே எடுத்துகினு வரேன்."

"அப்ப பஸ்ல வா. என் பைக்குல மட்டும் காலு வெச்ச, பாத்துக்கோ."

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. ரெஜினா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதைக் காட்டினால் இன்றைக்கு விமான நிலையத்துக்குள் விடுவார்கள். நாளைக்கு விடுவார்களா என்று தெரியவில்லை.