குளத்துக்குள் விழுந்த புள்ளி

எழுத உட்காருவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டேன். நான் அண்ணிக்கு அனுமதி கொடுத்தேனா? பேச்சுவாக்கில், பஸ்ஸில், பாத்திரம் துலக்கும்போது? எங்கும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

அண்ணியும் நானும் ஒரே மாலை வகுப்பில் ஆசிரியர் பயிற்சி படிக்கிறோம். பகலில் அவர் மருந்துக்கடையில் பில் போடுகிறார், நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். வேலைக்குப் போகிறவளுக்கு இன்னும் என்ன படிப்பு என்று அப்பா இழுத்தபோது, "எனக்குத் துணைக்கு அனுப்புங்க மாமா" என்று கேட்டு என்னைச் சேர்த்துவிட்டவர் அண்ணிதான். அதை மறக்காமல் எழுதிவிடுகிறேன்.

படிப்பு முடியும்போது ஒவ்வொருவரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். யாருடைய பாடம் சிறந்ததோ அவருக்கு அந்தப் பள்ளியிலேயே வேலை. இருப்பது ஒரே ஓர் இடம். அண்ணியின் முறை இன்று, என்னுடையது அடுத்த வாரம்.

என் பாடம் புதையல் வேட்டை. சிலர் இதைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். ஒரு டப்பாவை வெளியில் எங்காவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் சொல்வார்கள். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு தேடிப் போவார்கள். வரைபடத்தை இப்படிக் காலால் படித்தால் பிள்ளைகளுக்கு மறக்காது என்று தோன்றியது. பழைய கருவி ஒன்று வாங்கினேன். பள்ளிக்குப் பின்னாலிருக்கும் பூங்காவில் டப்பாக்களை ஒளித்தேன். ஒவ்வோர் இடத்திலும் பலமுறை நின்று எண்களைக் கருவியிலேயே பதிவு செய்தேன். ஒருமுறை எடுத்த எண்ணை நான் நம்புவதில்லை.

"நீ வெச்ச டப்பாவையே நீ நம்ப மாட்டியாடி?" என்று அண்ணி சிரித்தார். "பால் பொங்கிடுச்சான்னு மூணு வீட்டுல கேட்டுட்டு அடுப்ப அணைப்ப நீ."

ஓர் இடத்தில் மட்டும் கருவி பிடிவாதம் பிடித்தது. பம்ப் அறையின் உயரமான சுவரையொட்டி நின்றால், செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி, நான் பூங்காக் குளத்தின் நடுவில் நிற்பதாகக் காட்டும். எத்தனை தடவை போனாலும் குளம்தான். முதலில் என் தப்பு என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. டப்பாவை அங்கேயே வைத்து, கருவி காட்டிய குளத்து எண்ணையே பதிவில் விட்டேன். பிள்ளைகள் குளக்கரைவரை ஓடி வந்து திகைக்க வேண்டும். அப்போது ஒரு குறிப்பு கொடுப்பேன்: 'தண்ணீரை அனுப்பிவைப்பேன், நான் நனைவதில்லை.' கருவி சொல்வதையும் சந்தேகிக்கலாம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். இதை அண்ணியிடம் சொல்லவில்லை. குறிப்பின் சொற்களை மாற்றிக்கொண்டே இருந்தேன், கேலி செய்வாரோ என்று கூச்சம்.

இன்று காலை கருவியைக் காணோம்.

"நல்லா தேடுடி, எங்கயாவது வெச்சிருப்ப" என்று அண்ணியும் கூடவே தேடினார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பஸ்ஸில் எங்கோ விட்டுவிட்டேன் என்று நானே முடிவு செய்து, நாள் முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மாலையில் நீர்ச்சுழற்சிப் பாடத்துக்கான படத்தோடு வர வேண்டிய அண்ணி, வெறுங்கையோடு பிள்ளைகள்முன் வந்து நின்றார். கைப்பையைத் திறந்து என் கருவியை எடுத்தார்.

"இன்னிக்கு நாம புதையல் தேடப் போறோம்!"

பிள்ளைகள் கத்திய கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது. எங்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதைச் சொன்னாலும் கூடவே ஒரு விளக்கம் சேர்ப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு. நான் கடைசி வரிசையில் இருந்தேன். அண்ணி என் பக்கம் பார்க்கவே இல்லை.

முதல் டப்பாக்கள் சுலபமாகக் கிடைத்தன. நான் ஒளித்தவை, நான் உள்ளே வைத்த வண்ணப் பென்சில்கள். ஒவ்வொன்றையும் திறக்கும்போது எங்கள் வகுப்புக்காரர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தானாகப் போனது.

பிறகு பிள்ளைகள் குளக்கரையில் போய் நின்றார்கள்.

"டீச்சர், தண்ணிக்குள்ள காட்டுது!"

"நீச்சல் டிரெஸ் கொண்டு வரச் சொல்லியிருக்கணும்" என்று ஒரு பையன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி கருவியைத் தட்டினார், திருப்பினார், மறுபடி தட்டினார்.

"யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க போல" என்றார்.

"அவ்வளவுதானா டீச்சர்?" என்று கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் கேட்டாள். அந்த முகத்துக்காகத்தான் நான் நடந்தேன் என்று நினைக்கிறேன். நேராகப் பம்ப் அறைக்குப் போய், குழாய்க்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அடிக்குறிப்பு. "அதாவது, கருவியே இல்லாம எப்படி?"

நான் அண்ணியைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நிஜமாகவே நம்பினேன்.

"இவதான் சார் ஒளிச்சுவைக்க எனக்கு உதவி பண்ணா" என்றார் அண்ணி சிரித்தபடி. "எதையும் நூறு தடவை மாத்துவா சார். இதையும் எனக்குத் தெரியாம மாத்தி வெச்சுட்டா. இல்லடி?"

எல்லாரும் சிரித்தார்கள். என் சுபாவம் அவர்களுக்குத் தெரியும். ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது, மாற்றித்தான் வைத்தேனோ என்று. கருவியை எடுத்தது வலித்தது. ஆனால் வீட்டுக்குள் செல்லமாகச் சொன்ன கேலியை இங்கே என்மீதே திருப்பியதுதான் தாங்கவில்லை. வழக்கமாக நான் சொல்வது "இருக்கலாம்" என்பதுதான்.

"இல்ல" என்றேன்.

அண்ணி கையிலிருந்து கருவியை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். சுவரையொட்டி நிற்கச் சொன்னேன்.

"நான் இப்போ குளத்துல இருக்கேன்!" என்று கூவினாள்.

ஏன் என்று பிள்ளைகளையே கேட்டேன். சுவர், எதிரொலி என்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பதில் சொன்னார்கள். அண்ணி குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளைகள் போனபின் அடிக்குறிப்பு என்னைத் தனியே அழைத்தார். "பாடம் யாரோடதுன்னு புரியுது. ஆனா உங்க அண்ணி பேர்ல பதிவான நாள் இது. அதாவது, அடுத்த வாரம் நீங்க வேற இடம், வேற புதிர்னு ஏதாவது நடத்தணும். கண்டுபிடிச்ச புதையலை மறுபடி தேட முடியாதில்லையா?"

அது சரிதான். நியாயம் பேசி அந்தக் குளக்கரைத் திகைப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஒரே பஸ்ஸில், ஒரே இருக்கையில் திரும்பினோம். பாதி வழியில் அண்ணி பேசினார்.

"எனக்கும் அந்த வேலை வேணும்டி. வீட்டுல சொல்லிடாத."

நான் கருவியைப் பைக்குள் வைத்து மூடினேன். எங்கள் நிறுத்தம் வரும்போது, பழைய குரலில், ஒன்றுமே நடக்காதது போலக் கேட்டார்: "அடுத்த வாரத்துக்குப் புது டப்பாவெல்லாம் எங்க வெக்கப் போற?"

பஸ் நகராட்சி நூலகத்தைத் தாண்டும்போதே இடங்களை முடிவு செய்துவிட்டிருந்தேன்.

"தெரியல அண்ணி" என்றேன்.