மூன்றாவது கட்டத்துக் குழி

வாளிக்காரன் ஆறாவது முறையாகக் குழிக்குள் விழுந்தான். அண்ணன் தன் வலது கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தான்.

"முப்பது வருஷமா அதே வாளி, பாப்பா. இவனுக்கும் ப்ரமோஷனே கிடையாது போல," என்றான் என்னிடம்.

சின்ன வயதில் நாங்கள் இருவரும் ஆடித் தீர்த்த வீடியோ கேம். வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு குட்டி மனிதன் செங்கல் மேடைகளில் ஓடுவான், தாவுவான், அவ்வளவுதான். மூன்றாவது கட்டத்தில் வரும் இந்தக் குழியை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே தாண்டுவான். பெரியவனாகி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனான். பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. வியாழக்கிழமை கம்பெனி டாக்டர் கையைச் சோதிப்பார். தேறினால் மறுபடி கிரேனில் ஏறலாம். இல்லையென்றால் துறைமுக கேட் பக்கத்தில் காவலுக்கு ஒரு நாற்காலி. அதற்கு முன் தன்னைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டுமென்று, பழைய விளையாட்டுகள் ஏற்றிய புதுப் பெட்டி ஒன்றை என்னை வாங்கிவரச் சொல்லியிருந்தான்.

"டாக்டர் அமுக்கச் சொல்லிக் குடுத்த பந்து அலமாரியில தூங்குது. இவரு பொம்மைய விரட்டிட்டு இருக்காரு," என்றாள் அண்ணி, துணி மடித்தபடியே.

ஏழாவது முறையும் விழுந்தான். எனக்குப் பழைய பட்டன் ஞாபகம் வந்தது. ஜூஸ் கொட்டிப் பிசுபிசுத்துப்போன பட்டன். அமுக்கினால் கொஞ்சம் தாமதித்துத்தான் வேலை செய்யும். அதனால் விளிம்புக்கு இரண்டு செங்கல் இருக்கும்போதே அமுக்கப் பழகியிருந்தோம். பக்கத்தில் இருப்பவர் "முந்தி!" என்று கத்த வேண்டும்.

"அண்ணா, தப்பு உன் கையில இல்ல. இது அமுக்கின உடனே தாவும். நீ பழைய ஞாபகத்துல முந்தி அமுக்குற."

அவன் முகம் தெளிந்தது. மடித்த சட்டையைக் கீழே வைக்காமல் அண்ணியும் திரையைப் பார்த்தாள். எட்டாவது முறை. வாளிக்காரன் விளிம்பைக் கடந்து கீழே போன பிறகுதான் பட்டன் டக்கென்றது.

"முந்தி அமுக்கினா முந்தியில்ல தாவணும்?" என்றான் அண்ணன். "உனக்குச் சின்ன வயசுலேருந்தே பொய் சொல்ல வராது."

அவன் விரல் பிந்துவதை நான் ஆறாவது முறையே பார்த்திருந்தேன்.

"கிரேனுக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்க, பாப்பா." கட்டைவிரலை மறுபடி பட்டன்மேல் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ. நீ சொல்லு," என்றான்.

விளிம்புக்கு நாலு செங்கல் இருக்கும்போதே, "முந்தி!" என்று கத்தினேன். வாளிக்காரன் எழும்பி, குழியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இறங்கினான். அண்ணி கைதட்டிவிட்டாள்.

அண்ணனின் கட்டைவிரல் அமுக்கிய பட்டனிலிருந்து எழவில்லை. அதை எடுக்க இடது கை வந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும், குழிக்கு அப்பால், வாளிக்காரன் நின்ற இடத்திலேயே தாவிக்கொண்டிருந்தான்.